மருந்திலிருந்து கல்லை நோக்கி: வெரோனிக் குவெர்னரின் ஃபுளூரின் ஆய்வு

முதுகலை வேதியியல் இறுதியாண்டில் படிக்கும் உங்கள் மகள் ஃபுளூரின் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறார் என்றும், அது உயிருக்கே ஆபத்தான துறை என்று உறவினர்கள் தடுக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துறையில் ஒரு பெண் நீண்ட காலம் நிலைத்து நின்று உயர்ந்ததற்கு எடுத்துக்காட்டு உண்டா, அவர் என்ன வேலை செய்தார், ஆபத்து உண்மையில் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துக்காட்டு உண்டு. இன்று உலகில் ஃபுளூரின் வேதியியல் என்றவுடன் முதலில் நினைவுக்கு வரும் சில பெயர்களில் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வெரோனிக் குவெர்னர். அவருடைய ஆய்வு வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொன்னால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அதிலேயே விடை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

அவருக்கு முன்பும் இத்துறையில் பெண்கள் இருந்தார்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிறந்த ஜீன் ஷ்ரீவ், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கேடி என்னும் புகழ்பெற்ற ஃபுளூரின் அறிஞரிடம் 1961இல் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். துறைத் தலைவராகவும் ஆய்வுப் பிரிவின் பொறுப்பாளராகவும் உயர்ந்த பிறகும் ஆய்வகத்தை விடாமல் பல பத்தாண்டுகள் அங்கேயே பணியாற்றினார். அமெரிக்க வேதியியல் சங்கம் ஃபுளூரின் வேதியியலுக்கென வழங்கும் விருதை 1978இல் அவர் பெற்றார். அவரைப் பற்றியே தனியாக ஒரு பதில் எழுதலாம். ஆனால் உங்கள் மகள் இனி நுழையப்போகும் துறையின் இன்றைய முகத்தைக் காட்டுவது குவெர்னரின் பணிதான் என்பதால் அவரை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உறவினர்களின் அச்சத்தைப் பார்த்துவிடுவோம். அது காரணமற்ற அச்சமன்று. ஃபுளூரினைத் தனியே பிரித்தெடுக்க முயன்றவர்களுள் பெல்ஜிய நாட்டுப் பாலின் லுவேயும் பிரான்சின் நான்சி நகரத்து ஜெரோம் நிக்லெஸும் உயிரிழந்தார்கள். அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். 1886 ஜூன் 26 அன்று பாரிஸில் ஆன்றி மொய்சான் அதைப் பிரித்துக் காட்டினார். அதற்காக 1906இல் நோபல் பரிசு பெற்ற அவர் சில மாதங்களிலேயே மறைந்தார். எனினும் இன்றைய ஆய்வகத்தில் ஃபுளூரின் வாயுவை நேரடியாகக் கையாள்பவர்கள் மிகச் சிலரே. அன்றாடம் அஞ்ச வேண்டியது ஹைட்ரஜன் ஃபுளூரைடைத்தான். ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடும் அது, நீரில் கரைந்தால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம். கண்ணாடியை அரித்துவிடும் என்பதால் அதை நெகிழிப் புட்டியில்தான் வைப்பார்கள்.

நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். உடன் பணியாற்றிய ஒருவருடைய கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்திருக்கிறது. நீர்த்த அமிலத்தில் ஒரு துளி ஆள்காட்டி விரல் நுனியில் பட்டது. எரிச்சல் இல்லை, தோல் சிவக்கவும் இல்லை. குழாய் நீரில் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இரவு எட்டு மணிக்கு மேல் நகத்தின் அடியில் வலி தொடங்கி, நள்ளிரவுக்குள் அந்த விரலை எலும்போடு பிடுங்கி எறிந்துவிடலாம் என்று அவர் அழும் நிலைக்கு வந்துவிட்டது. இந்த அமிலத்தின் இயல்பு அதுதான்: மேல்தோலைச் சுடாமல் உள்ளே இறங்கி, உடலிலுள்ள கால்சியத்தைப் பற்றிக் கால்சியம் ஃபுளூரைடாக மாற்றிவிடுகிறது. அதனால்தான் கால்சியம் குளுக்கோனேட் கலந்த களிம்பை உடனடியாகத் தடவி மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பது விதி. அன்று எங்கள் ஆய்வகத்தில் அந்தக் களிம்பு இருந்தது. ஆனால் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தொழிற்சாலை அளவில் இதன் கொடுமை இன்னும் பெரிது. தென்கொரியாவின் குமி நகரில் 2012 செப்டம்பரில் ஓர் ஆலையிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு கசிந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள், சுற்றுவட்டாரத்து மக்கள் ஆயிரக்கணக்கில் சிகிச்சை பெற நேர்ந்தது, பயிர்கள் கருகின. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குவெர்னரின் பிற்கால ஆய்வில் ஒரு முக்கியப் பகுதி இந்த ஒரு பொருளைத் தவிர்ப்பதைச் சுற்றியே அமைந்தது.

இவ்வளவு ஆபத்தான தனிமத்தை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தாலே விடை கிடைக்கும். கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டினில் ஒரு ஃபுளூரின் அணு இருக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளோக்சசினில் ஒன்று. மன அழுத்தத்துக்கான ஃப்ளூவாக்சடீனில் மூன்று. சர்க்கரை நோய்க்கான சிட்டாக்ளிப்டினில் ஆறு. புழக்கத்திலுள்ள மருந்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஃபுளூரின் உண்டு என்பது துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளில் இந்தப் பங்கு இன்னும் கூடுதல். கார்பனும் ஃபுளூரினும் சேரும் பிணைப்பு, கரிம வேதியியலின் ஒற்றைப் பிணைப்புகளில் மிகவும் உறுதியானது. ஒரு மோலுக்குச் சுமார் 485 கிலோஜூல் கொடுத்தால்தான் அது அறும்; கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கு 413 போதும். ஆகவே மருந்து மூலக்கூற்றில் கல்லீரல் நொதிகள் வழக்கமாகக் கடித்துச் சிதைக்கும் இடத்தில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃபுளூரினை வைத்தால், மருந்து உடலில் நெடுநேரம் தங்குகிறது. அணுவின் பருமன் பெரிதாக மாறாததால் மூலக்கூறு தன் வடிவத்தையும் பெரும்பாலும் இழப்பதில்லை. 1950களின் நடுவில் ஜோசப் ஃப்ரீட் கார்ட்டிசால் வகை ஸ்டீராய்டு ஒன்றில் ஒரே ஒரு ஃபுளூரினைச் சேர்த்தபோது அதன் ஆற்றல் சுமார் பத்து மடங்கானது. மருந்துலகம் ஃபுளூரினை நோக்கித் திரும்பியது அதன் பிறகுதான்.

இயற்கையோ இந்தப் பிணைப்பை ஏறக்குறைய உண்டாக்குவதே இல்லை. புவியோட்டில் தாராளமாகக் கிடைக்கும் தனிமங்களில் ஃபுளூரின் பதின்மூன்றாவது இடத்தில் இருந்தும், உயிரினங்கள் உருவாக்கும் கரிம ஃபுளூரின் சேர்மங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனவே மருந்துக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபுளூரின் அணுவையும் மனிதர்தான் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதில் தொடங்கி, சேர்க்கும் அந்த அணு எங்கிருந்து வருகிறது என்பது வரை படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றதுதான் குவெர்னரின் வாழ்க்கைப் பணி. மருந்திலிருந்து, அதில் ஃபுளூரினைச் சேர்க்கப் பயன்படும் வினைபொருளுக்கும், வினைபொருளிலிருந்து உப்புக்கும், உப்பிலிருந்து சுரங்கக் கல்லுக்குமாக அவர் நடந்திருக்கிறார். பல அறிஞர்களுடைய பணியைப் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான திசையுள்ள பயணத்தை அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஆனால் தொடக்கத்தில் அவர் ஃபுளூரின் பக்கமே இல்லை. 1964இல் பெல்ஜியத்தில் பிறந்த அவர், அந்நாட்டின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் லியோன் கோசெஸ் என்பவரின் வழிகாட்டுதலில் கரிமத் தொகுப்பு வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அதன் பின் கலிஃபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ரிச்சர்டு லெர்னரிடம் பணியாற்றினார். நோய்க்கிருமிகளைப் பிடிக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களை வேதிவினைக்கான வினையூக்கிகளாகப் பயன்படுத்த முடியுமா என்று லெர்னர் குழு அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது. இரு மூலக்கூறுகள் சேர்ந்து வளையமாகும் டீல்ஸ்–ஆல்டர் வினை இரண்டு வழிகளில் நடக்கக்கூடியபோது, விரும்பிய வழியில் மட்டும் நடக்குமாறு எதிர்ப்பொருளைக் கொண்டு திருப்பிவிடலாம் என்று காட்டிய ஆய்வுக் கட்டுரை 1993இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தபோது அதன் முதல் ஆசிரியர் குவெர்னர்தான். அங்கிருந்து ஐரோப்பா திரும்பி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் சார்ல் மியோஸ்கோவ்ஸ்கியுடன் பணியாற்றினார். 1998இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியப் பணி கிடைத்து, மெர்ட்டன் கல்லூரியின் உறுப்பினராகவும் ஆனார்.

உங்கள் மகளுக்குக் குறிப்பாகச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதிதான். ஃபுளூரின் அறிஞராக அறியப்படும் ஒருவர் முப்பது வயதைக் கடந்த பிறகே அத்துறைக்குள் வந்திருக்கிறார். முனைவர் பட்டத் தலைப்பு வாழ்நாள் முழுவதற்குமான விலங்கு அன்று. லூவேனில் கற்ற தொகுப்புத் திறனும், ஒரு வினையை நொதி எப்படி வழிநடத்துகிறது என்று லெர்னரிடம் பெற்ற புரிதலும் கால் நூற்றாண்டு கழித்து அவருடைய மிகச் சிறந்த ஆய்வில் வந்து சேர்ந்ததைக் கீழே காண்பீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் முதல் ஆண்டுகளில் அவர் எடுத்துக்கொண்டது, ஃபுளூரினை மூலக்கூற்றின் குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட திசையில் பொருத்துவது எப்படி என்ற கேள்வி. சிலிக்கான் தாங்கிய அல்லைல் சேர்மங்களைச் செலக்ட்ஃபுளோர் என்னும் திடவினைபொருளோடு வினைபுரியச் செய்தால், சிலிக்கான் விலகி, இரட்டைப் பிணைப்பு இடம்பெயர்ந்து, ஃபுளூரின் தனக்குரிய இடத்தில் அமர்கிறது. இந்த முறையை அவரும் அவருடைய மாணவர்களும் பலவாறாக வளர்த்தெடுத்தார்கள். செலக்ட்ஃபுளோர் வெள்ளைத் தூள். தனி ஃபுளூரின் வாயுவைப்போல் மூர்க்கமானதன்று. தராசில் நிறுத்து எடுத்துக் கண்ணாடிக் குடுவையிலேயே போடலாம். ஃபுளூரின் வேதியியல் சிறப்பு உலோகக் கருவிகளுள்ள ஒருசில ஆய்வகங்களை விட்டுச் சாதாரணக் கரிம வேதியியல் ஆய்வகங்களுக்குள் வந்தது இத்தகைய வினைபொருள்களால்தான். உங்கள் மகள் சேரும் ஆய்வகத்திலும் பெரும்பாலும் இவற்றோடுதான் பழகுவார்.

2008இல் ‘கெமிக்கல் சொசைட்டி ரிவியூஸ்’ இதழில் மருந்து வேதியியலில் ஃபுளூரினின் இடம் பற்றி அவரும் மூன்று இணையாசிரியர்களும் எழுதிய தொகுப்புரை வெளியானது. ஃபுளூரின் சேர்ந்தால் அருகிலுள்ள அமினின் காரத்தன்மை எப்படிக் குறைகிறது, கொழுப்பில் கரையும் தன்மை எப்படி மாறுகிறது, புரதத்தோடு பற்றும் விதம் எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் எடுத்துக்காட்டு மருந்துகளோடு விளக்கும் அக்கட்டுரை, இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்றாகிவிட்டது. உங்கள் மகள் முதலில் படிக்க வேண்டியது இதுதான். முதுகலைப் பாடத்தின் அளவிலேயே புரியும்.

அடுத்து அவர் கை வைத்தது கதிரியக்க ஃபுளூரினில். புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கப் பெட் ஸ்கேன் எடுப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் உடலுக்குள் செலுத்தப்படுவது பெரும்பாலும் ஃபுளூரின்-18 பொருத்திய குளுக்கோஸ் போன்ற ஒரு சேர்மம். சைக்ளோட்ரான் என்னும் துகள்முடுக்கியில், ஆக்ஸிஜன்-18 அடங்கிய நீரின்மீது புரோட்டான்களை மோதவைத்து இந்த ஃபுளூரினை உண்டாக்குகிறார்கள். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 110 நிமிடங்கள். உண்டான கணத்திலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. நான்கு மணி நேரம் கழிந்தால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் எஞ்சியிருக்கும். அதற்குள் மருந்தில் பொருத்தி, தூய்மையாக்கி, தரம் பார்த்து, நோயாளியின் நரம்பில் ஏற்ற வேண்டும். ஒரு வினையை இரவு முழுவதும் கலக்கவிட்டுக் காலையில் வந்து பார்க்கும் வசதி இங்கே கிடையாது. அளவும் அப்படித்தான்: கண்ணுக்குத் தெரியாத அளவே கையிலிருக்கும்.

பென்சீன் வளையத்தில், அதுவும் எலக்ட்ரான் மிகுந்த வளையத்தில், இந்தக் கதிரியக்க ஃபுளூரைடைப் பொருத்துவது நெடுங்காலம் பெரும்பாடாக இருந்தது. எலக்ட்ரான் மிகுந்த வளையம் எதிர்மின் ஃபுளூரைடை அண்டவிடாது. குவெர்னர் குழு முதலில், 2010இல், செலக்ட்ஃபுளோரையே ஃபுளூரின்-18 கொண்டு செய்து காட்டியது. பின்னர் 2014இல், போரான் தாங்கிய வளையச் சேர்மம் ஒன்றைச் செம்பு உப்பின் துணையோடு கதிரியக்க ஃபுளூரைடுடன் சூடாக்கினால், போரான் இருந்த இடத்தில் ஃபுளூரின்-18 வந்து அமர்கிறது என்பதை வெளியிட்டது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையைப் படம்பிடிக்க உதவும் ஃபுளூரோடோபாவையும் இந்த வழியில் செய்ய முடிந்தது. போரான் சேர்மங்கள் எந்த மருந்து ஆய்வகத்திலும் குவிந்து கிடப்பவை. செம்பு உப்பும் மலிவு. ஆகவே கதிர்மருந்து ஆய்வகங்கள் இம்முறையைத் தயங்காமல் எடுத்துக்கொண்டன. ஒரு வேதியியலரின் முறையைப் பிறர் கேட்காமலேயே எடுத்துப் பயன்படுத்துவதைவிடப் பெரிய மதிப்பு வேறில்லை என்பது என் கருத்து. பதக்கங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி அவருடைய பணியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பொட்டாசியம் ஃபுளூரைடு, சீசியம் ஃபுளூரைடு போன்ற உப்புகள் எளிதில் கிடைப்பவை, கையாளவும் எளியவை. அவற்றிலிருந்தே நேராக ஃபுளூரினை எடுத்துப் பொருத்தினால் என்ன? இடையில் இரண்டு தடைகள் இருக்கின்றன. கரிமக் கரைப்பான்களில் இந்த உப்புகள் கரைவதில்லை. நீரில் கரைத்தாலோ, சிறிய அயனியான ஃபுளூரைடை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து இறுகப் பிடித்துக்கொண்டு வினைபுரிய விடுவதில்லை. நீரை முழுவதுமாக நீக்கிவிட்டால் ஃபுளூரைடு காரமாக மாறி அருகிலுள்ள புரோட்டான்களைப் பிடுங்கி, வேண்டாத பக்கவினைகளைக் கிளப்புகிறது. அதிகம் பிடித்தாலும் ஆகாது, விட்டுவிட்டாலும் ஆகாது.

இந்தச் சிக்கலை இயற்கை ஓரிடத்தில் தீர்த்து வைத்திருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கேட்லேயா என்னும் மண் பாக்டீரியாவில் ஃபுளூரினேஸ் என்ற நொதி இருப்பதை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்து டேவிட் ஓஹேகனின் குழு 2002இல் கண்டறிந்தது. நீரில் மூழ்கிக் கிடக்கும் ஃபுளூரைடை அந்த நொதி தன் குழிக்குள் இழுத்து, நீர்ப்போர்வையைக் களைந்து, சில ஹைட்ரஜன் பிணைப்புகளால் மட்டும் அளவாகப் பிடித்துக்கொண்டு கார்பனோடு சேர்க்கிறது. ஃபுளூரைடை ஆல்கஹால் மூலக்கூறுகள் எப்படிச் சூழ்கின்றன, எத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகள் இருந்தால் அதன் வேகமும் காரத்தன்மையும் எப்படி மாறுகின்றன என்பதைக் குவெர்னர் குழு படிகங்களாக வளர்த்தே ஆராய்ந்து 2015இல் வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது ஹைட்ரஜன் பிணைப்பு வழிக் கட்டமாற்ற வினையூக்கம். இரண்டு யூரியா அலகுகளைக் கொண்ட ஒரு வினையூக்கி, தன் மூன்று ஹைட்ரஜன்களால் ஃபுளூரைடைப் பற்றி, சீசியம் ஃபுளூரைடின் திடப் பரப்பிலிருந்து கரைசலுக்குள் இறக்குகிறது. அந்த வினையூக்கிக்குக் கைத்தன்மை உண்டு. எனவே ஃபுளூரின் வந்து சேரும் பக்கத்தையும் அதுவே தீர்மானிக்கிறது: நம் வலக்கையும் இடக்கையும்போல ஒன்றுக்கொன்று ஆடிபிம்பமாக அமையும் இரு வடிவங்களில் ஒன்றே பெரும்பாலும் கிடைக்கிறது. மருந்துக்கு இந்த வேறுபாடு இன்றியமையாதது. ராபர்ட் பேட்டன் என்னும் கணிப்பு வேதியியலரோடு சேர்ந்து செய்த வேலை இது. எந்த ஹைட்ரஜன் எங்கே பிடிக்கிறது என்று கணினியிலும் சோதனையிலும் மாறிமாறிப் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் எதிர்ப்பொருள்களை வைத்து வினையின் போக்கைத் திருப்பிய அந்த இளம் ஆய்வாளர், இங்கே ஒரு சிறிய மூலக்கூற்றை வைத்து அதையே செய்கிறார். பாக்டீரியாவின் நொதியில் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் சேர்ந்து செய்யும் பிடியை ஒரு கைப்பிடி அணுக்களுக்குள் அடக்கியிருப்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

உப்பு வரை வந்தாயிற்று. அந்த உப்பு எங்கிருந்து வருகிறது? ஏறத்தாழ எல்லா ஃபுளூரின் பொருள்களும், மருந்தானாலும் ஒட்டாத தோசைக்கல்லின் மேற்பூச்சானாலும் மின்கல உப்பானாலும், ஃபுளூர்ஸ்பார் என்னும் ஒரே கனிமத்தில் தொடங்குகின்றன. கால்சியம் ஃபுளூரைடால் ஆன அழகிய படிகக் கல் அது. ஊதா, பச்சை, மஞ்சள் எனப் பல நிறங்களில் கிடைக்கும். 97 சதவீதத்துக்கு மேல் தூய்மையான கல்லை அடர் கந்தக அமிலத்தோடு 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஹைட்ரஜன் ஃபுளூரைடு எடுக்கிறார்கள். மற்றவை எல்லாம் அதிலிருந்து பிறக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொழில்துறை இதே வழியில்தான் நடக்கிறது. ஆய்வகத்தில் எவ்வளவு நல்ல வினைபொருளைப் பயன்படுத்தினாலும், அதற்குப் பின்னால் எங்கோ ஓர் ஆலையில் ஒருவர் அந்த வாயுத் தொட்டியின் அருகில் நின்றிருக்கிறார். இந்த உண்மையை அறிந்தவர்கள் பலர். அதைத் தம் ஆய்வுக் கேள்வியாகவே ஆக்கிக்கொண்டவர் குவெர்னர்.

ஹைட்ரஜன் ஃபுளூரைடு வழியே போகாமல் கல்லிலிருந்து நேராக ஃபுளூரினை எடுக்க முடியுமா என்பது அந்தக் கேள்வி. தடை, கல்லின் பிடிவாதம். ஒரு லிட்டர் நீரில் சுமார் 16 மில்லிகிராம்தான் கரையும். கால்சியமும் ஃபுளூரைடும் படிகத்துக்குள் அவ்வளவு இறுகப் பிணைந்திருக்கின்றன. கால்சியத்தை அதைவிட விரும்பும் இன்னொன்றைக் காட்டித்தான் பிரிக்க வேண்டும். நம் பல்லும் எலும்பும் கால்சியம் ஃபாஸ்பேட்டால் ஆனவை. கால்சியத்துக்கும் ஃபாஸ்பேட்டுக்கும் உள்ள அந்த ஈர்ப்பே குவெர்னர் குழுவுக்கு வழிகாட்டியது.

2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான முறையைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் விவரிக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் எஃகுச் சிமிழ் ஒன்று. அதற்குள் அரைத்த ஃபுளூர்ஸ்பாரும் டைபொட்டாசியம் ஹைட்ரஜன் ஃபாஸ்பேட் என்னும் சாதாரண வெள்ளை உப்பும். கரைப்பான் ஒரு சொட்டுக்கூட இல்லை. கூடவே ஓர் எஃகுக் குண்டு. மூடியைத் திருகி எந்திரத்தில் பொருத்தினால், சிமிழ் விநாடிக்கு முப்பது முறைக்குமேல் முன்னும் பின்னும் குலுங்குகிறது. குண்டு சுவரில் மோதும் ஒவ்வொரு மோதலிலும் படிகங்கள் நொறுங்கிப் புதிய பரப்புகள் வெளிப்பட்டு ஒன்றோடொன்று உரசுகின்றன. அம்மியில் அரைக்கும்போது நடப்பதும் இதேதான். வேகமும் விசையும்தான் வேறு. சில மணி நேரம் கழித்துத் திறந்தால் உள்ளே இருப்பது மீண்டும் ஒரு வெள்ளைத் தூள். ஆனால் கல் இப்போது கல்லாக இல்லை. பொட்டாசியம், ஃபாஸ்பேட், ஃபுளூரைடு ஆகியவை சேர்ந்த புதிய படிகங்கள் உருவாகியிருக்கின்றன. ஃபுளூரோமிக்ஸ் என்று அவர்கள் பெயரிட்ட அந்தத் தூளைக் கொண்டு கந்தக–ஃபுளூரின், கார்பன்–ஃபுளூரின் பிணைப்புகளை நேரடியாக உண்டாக்கி, ஏறத்தாழ 50 சேர்மங்களைச் செய்து காட்டினார்கள். ஹைட்ரஜன் ஃபுளூரைடு எந்தக் கட்டத்திலும் தனியாக எடுக்கப்படவில்லை.

அடுத்த ஆண்டே வேறொரு வழியும் வந்தது. ஆக்சாலிக் அமிலத்தையும் போரிக் அமிலத்தையும் நீரில் கலந்து, 50 டிகிரிக்குக் குறைந்த வெப்பத்திலேயே ஃபுளூர்ஸ்பாரைக் கரையவைத்துப் பயனுள்ள ஃபுளூரின் சேர்மமாக மாற்றலாம் என்று ‘நேச்சர்’ இதழில் அவர்கள் வெளியிட்டார்கள். ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் படிய வைத்துவிடும் என்பது கல்லூரி ஆய்வகத்தில் கால்சியத்தை மதிப்பிடும்போது உங்கள் மகளே செய்திருக்கக்கூடிய சோதனை. இவற்றைத் தொழில் அளவுக்குக் கொண்டுசெல்ல ஃபுளூரோக் என்னும் நிறுவனம் 2022இல் தொடங்கப்பட்டது. ஆய்வகச் சிமிழில் கிராம் கணக்கில் நடப்பதை ஆலையில் டன் கணக்கில் நடத்துவது வேறு வேலை. அதில் பொறியியல் சிக்கல்கள் ஏராளம். உலகின் ஃபுளூரின் தொழில் இன்னும் பழைய வழியில்தான் ஓடுகிறது. ஆனால் வேறு வழி இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

ஃபுளூரினின் இன்னொரு பழியையும் மறைக்கக் கூடாது. கார்பன்–ஃபுளூரின் பிணைப்பின் உறுதி மருந்தில் வரம்; மண்ணிலும் நீரிலும் அதுவே சாபம். பெர்ஃபுளூரோ சேர்மங்கள் என்னும் பெரிய குடும்பம் சிதையாமல் ஆறுகளிலும் மனித இரத்தத்திலும் சேர்ந்துகொண்டே போகிறது; ‘என்றும் அழியா வேதிப்பொருள்கள்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது இவற்றைத்தான். குவெர்னர் குழு 2025இல் அதே எஃகுச் சிமிழை இந்தக் கழிவுகளின் பக்கம் திருப்பியது. ஃபாஸ்பேட் உப்போடு சேர்த்து அரைத்தால், டெஃப்லான் உட்படப் பல பெர்ஃபுளூரோ பொருள்கள் சிதைந்து, அவற்றிலிருந்த ஃபுளூரின் மீண்டும் பயன்படக்கூடிய ஃபுளூரைடு உப்பாகக் கிடைக்கிறது என்று காட்டினார்கள். மண்ணிலிருந்து புதிதாகத் தோண்டாமல், ஏற்கெனவே நாம் இறைத்துவிட்ட ஃபுளூரினையே திரும்ப எடுப்பது. ஃபுளூரின் வேதியியலுக்குள் இன்று நுழையும் எந்த இளைஞரும் இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் மகள் ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கேட்டுப் பார்க்கட்டும்.

பதவிகளையும் விருதுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008இல் பேராசிரியர். 2015இல், ஷ்ரீவ் பெற்ற அதே அமெரிக்க ஃபுளூரின் விருது. 2019இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 2022இல் ஆக்ஸ்ஃபோர்டின் வெயின்ஃப்ளீட் வேதியியல் பேராசிரியர் பதவி. நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்சன் அமர்ந்திருந்த அந்த இருக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருந்து வருகிறது. அதில் அமர்ந்த முதல் பெண் இவர். ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு மட்டும் படித்துவிட முடியவில்லை. தகுதியுள்ள பெண்கள் அதற்குமுன் இல்லை என்று பொருளல்ல. அதே ஆக்ஸ்ஃபோர்டில்தான் டோரதி ஹாட்ஜ்கின் பணியாற்றி 1964இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார்.

கடைசியாக உங்கள் அச்சத்துக்கு. ஃபுளூரின் வேதியியலில் ஆண், பெண் என்ற வேறுபாட்டால் ஆபத்து கூடுவதோ குறைவதோ இல்லை. ஆய்வகத்தின் ஒழுங்கால்தான் கூடுகிறது, குறைகிறது. மகளைத் தடுப்பதற்குப் பதிலாக, சேரப்போகும் ஆய்வகத்துக்கு ஒரு நாள் நேரில் போய்வரச் சொல்லுங்கள். அங்கே ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் பயன்படுத்துகிறார்களா, அல்லது செலக்ட்ஃபுளோர், ஃபுளூரைடு உப்புகள் போன்றவற்றோடு நின்றுவிடுகிறார்களா என்று கேட்கட்டும். அமிலம் உண்டு என்றால், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எங்கே இருக்கிறது என்று வழிகாட்டியிடம் கேட்காமல், அங்கே மிக அண்மையில் சேர்ந்த மாணவரிடம் கேட்கட்டும். அவர் யோசிக்காமல் ஓர் அலமாரியைத் திறந்து எடுத்துக் காட்டினால், நீங்கள் நிம்மதியாக அனுப்பலாம். குழாயின் காலாவதித் தேதியையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.